அமுங்கிய கேக்

ஓவனை மூடிய பிறகும் ஒடெட் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றாள். உப்பி நின்ற கேக், பெருமூச்சு விடுவதுபோல நடுவில் அமுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் மேவிஸ் பெரியம்மாவின் அடக்கம். சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் மேசைக்குப் பெரியம்மாவின் வெண்ணெய் கேக்கைத் தானே செய்வதாக வலியப்போய்ச் சொல்லியிருந்தாள். அன்று மத்தியானம் போதகரின் மனைவி பெரியப்பாவிடம் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

"வயசுப் பொண்ணை வச்சுக்கிட்டு ஒத்தையில என்ன பண்ணுவீங்க ஹார்லன்? மெம்ஃபிஸ்ல அவ அம்மாகிட்டயே அனுப்பிருங்க."

"அடக்கம் முடியட்டும், பாக்கலாம்" என்றிருந்தார் பெரியப்பா.

அம்மாவின் புதுக் குடும்பத்தில் ஒடெட்டுக்குப் படுக்க ஒரு மூலைகூடக் கிடையாது. கேக் நன்றாக வந்தால் தன்னை இங்கேயே வைத்துக்கொள்வார் என்று நம்பினாள்.

சர்ச் பெண்கள் சேர்ந்து அச்சடித்த சமையல் புத்தகம் மேசையில் கிடந்தது. இந்தக் கேக்கின் குறிப்புள்ள, வெண்ணெய் ஊறிய பக்கத்தில் அது தானாகவே திறந்துகொள்ளும். 'மிதமான சூட்டில், வேகும்வரை' என்பதோடு குறிப்பு முடிந்துவிட்டது. எழுதியவர்களுக்கு அது போதும். ஒடெட்டுக்குப் போதவில்லை, பொறுக்கமாட்டாமல் பாதியில் ஓவன் கதவைத் திறந்து பார்த்துவிட்டாள்.

அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த பொரித்த கோழியும் பன்றித் தொடையும் பீன்ஸும் மேடையை நிறைத்திருந்தன. பாத்திரங்கள் வீடு திரும்ப வேண்டுமே, ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதிய டேப். கேக் வைக்கிற கண்ணாடித் தட்டுக்கும் ஒடெட் முன்னாடியே ஒட்டிவைத்திருந்தாள்.

கேக்கை எடுத்துத் தட்டில் கவிழ்த்தபோது பெரியப்பா உள்ளே வந்தார்.

"இன்னும் தூங்கலையா?"

"கேக்கு அமுங்கிருச்சு பெரியப்பா. பாதியில திறந்துட்டேன்."

"ஏன் திறந்தே?"

"பயமா இருந்துச்சு."

"கேக்கைப் பாத்தா?"

"நீங்க என்னை மெம்ஃபிஸ் அனுப்பிருவீங்கன்னு. இது நல்லா வந்தா அனுப்ப மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டினார். நடுவில் ஈரக் களிமண்போல ஒரு மஞ்சள் கோடு. அந்தக் கோட்டை மட்டும் கத்தி முனையால் எடுத்து முதலில் தின்றார்.

"உன் பெரியம்மாவுக்கு எத்தனை வாட்டி அமுங்கியிருக்கு தெரியுமா?"

"பெரியம்மாவுக்கா?"

"ஊர்ல யாருக்கும் தெரியாது. நல்லா வந்தது சர்ச்சுக்குப் போயிரும். அமுங்குனது எனக்கு. ஒருநாள் ஆசையா நல்ல கேக்கை வெட்டி வச்சா. எனக்குப் பிடிக்கல. அதுக்கப்புறம் கேக்கு உள்ள வெந்துக்கிட்டிருந்தா அதிர்ந்து அமுங்கட்டும்னு நான் வேணும்னே தொம் தொம்னு நடப்பேன். கரண்டியோட விரட்டுவா."

சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மேசை விளிம்பைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு அங்க கேக்குக்கா பஞ்சம்? இது வீட்டுலயே இருக்கட்டும்."

தட்டைத் தூக்கிப் பிடித்து, அடியிலிருந்த டேப்பை நகத்தால் உரித்தார்.

"வெளிய போற தட்டுக்குத்தான் இது வேணும்" என்றார். "திங்கக்கிழமை உன் ஸ்கூல் பஸ் எத்தனை மணிக்கு வரும்? இத்தனை நாளும் உன் பெரியம்மாதான் உன்னை எழுப்பிவிட்டா. எனக்கு நேரம் தெரியாது."