இருபத்தொரு கறிவேப்பிலை

என் கணவர் வெங்கடேஸ்வரன் முப்பத்திரண்டு வருஷம் புள்ளிவிவர ஆபீசில் வேலை பார்த்தவர். மாவட்டத்தில் எத்தனை தென்னை, எத்தனை கறவை மாடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். யாராவது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் போதும், எத்தனை பேரைக் கேட்டீர்கள், யார் போய்க் கேட்டது என்று குடைந்து எடுத்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர், பெயர் தெரியாத எவரோ எழுதிய ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் படித்துவிட்டு, பதினோரு வருஷமாகச் சாப்பிட்டு வந்த பிரஷர் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினார்.

செய்தி வந்தது எங்கள் ஸ்ரீவராகம் தெருக்காரர்களின் 'சத்சங்கம்' குரூப்பில். இருபத்தொரு கறிவேப்பிலையைச் செப்புச் சொம்பில் ஊறப்போட்டு, விடிந்ததும் வெறும் வயிற்றில் குடித்தால் பிரஷர் இறங்கிவிடுமாம். மருந்துக் கம்பெனிகள் இதை எழுபது வருஷமாக மறைத்து வைத்திருக்கின்றனவாம். கறிவேப்பிலையை! காய்கறிக்காரர் பைக்குள் சும்மா போட்டுக் கொடுக்கிற சாமானை எங்கே கொண்டுபோய் ஒளித்தார்களோ, அந்தப் பத்மநாப சுவாமிக்குத்தான் வெளிச்சம்.

"ஏன்னா, இருபத்திரண்டு எலை போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"உனக்கு எல்லாமே கேலிதான். நம்ம முன்னோர்கள் என்ன முட்டாளா?"

"உங்கப்பாவுக்கும் பிரஷர்தானே இருந்தது? கருவேப்பிலை மரம் இதே கொல்லையிலதானே நின்னுண்டிருந்தது?"

அவர் அப்பா ஐம்பத்தாறு வயதில், குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு வந்தவர், கூடத்திலேயே சாய்ந்து போய்விட்டார். அந்தப் பேச்சை எடுத்தால் இவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அன்றும் கூட்டினார்.

மூன்றாம் நாள் மெஷினில் நூற்று எழுபத்தாறு காட்டியது. "மெஷின் பழசு" என்றார். ஐந்தாம் நாள் நூற்று எண்பத்து நான்கு. அதற்கும் குரூப்பில் பதில் தயாராக இருந்தது: உடம்பில் ஊறிய மருந்து விஷம் வெளியேறும்போது முதலில் ஏறத்தான் செய்யுமாம். ஏறினால் கறிவேப்பிலை வேலை செய்கிறது, இறங்கினாலும் வேலை செய்கிறது. இப்படி ஒரு புள்ளிவிவரத்தை ஆபீசில் எவனாவது கொண்டுவந்து நீட்டியிருந்தால் காகிதத்தைக் கிழித்து அவன் மூஞ்சியிலேயே எறிந்திருப்பார்.

அழுதேன். சண்டை போட்டேன். பெங்களூரில் இருக்கும் பெண் ஸ்நேகாவைப் போனில் கூப்பிட்டுக் கத்தவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ராத்திரி அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன். ஆறாம் நாள் காலை, அவர் எழுந்திருக்குமுன் ஒரு மாத்திரையை எடுத்து இடிகல்லில் பொடித்து அந்தச் சொம்பிலேயே கலக்கிவிட்டேன்.

அவர் குடித்தார். அடியில் கொஞ்சம் வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் வழித்துப் பார்த்தார்.

"பார்த்தியா? சத்து இறங்கறது" என்றார்.

இறங்கியது சத்து அல்ல, பிரஷர். இரண்டே வாரத்தில் நூற்று முப்பத்திரண்டு. மனுஷர் கிராஃப் தாள் வாங்கி வந்தார், சிவப்பு மையில் கோடு இழுத்தார், தினமும் காலையில் அதைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டார். தெருவில் நடந்து போனால் நாலு பேர் நிறுத்தி விவரம் கேட்டார்கள். 'அடியில் வெள்ளை படிந்தால்தான் பக்குவம்' என்று தனியாக ஒரு குறிப்பு வேறு. யார் வீட்டுச் சொம்பிலும் வெள்ளை படியவில்லை என்பதை அந்தப் புள்ளிவிவரச் சிங்கம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் வெட்கப்பட்டேனா? இல்லவே இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தை எண்ணி எனக்கே பெருமையாக இருந்தது. மருந்துக்கடை ஹரிகுமார் தன் மலையாளம் கலந்த தமிழில், "சார் மருந்து நிறுத்தியாச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே மேடம், பின்னே இது ஆருக்கா?" என்று கேட்டபோது, "எனக்குத்தான், இப்போ எனக்கும் பிரஷர் வந்துடுத்து" என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னேன்.

பக்கத்து வீட்டுப் பிச்சுமணி மாமா ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். குரூப்பில் எது வந்தாலும் "ஆதாரம் எங்கே?" என்று இரண்டே வார்த்தை எழுதுகிற ஒரே ஆள். எல்லாரும் அவரை ஜென்ம விரோதி மாதிரி பார்ப்பார்கள். எனக்கு அந்தத் தெருவிலேயே அவரைத்தான் பிடிக்கும். அவர் மனைவி நீலாம்பாள் எனக்கு முப்பது வருஷத் தோழி. ஒரு நாள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"சாவித்ரி, எங்காத்து மாமாவும் பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டார், கேட்டியா? அம்பது நாள் கிராஃபைப் பார்த்துட்டு, இனி நான் என்னத்தைச் சொல்லறதுன்னுட்டார். ஆதாரம் வந்தாச்சில்லையா!"

"வேண்டாண்டி, மாத்திரையை நிறுத்தப்படாது" என்றேன்.

"அதென்ன? உங்காத்துக்காரர் மட்டும் நன்னா இருக்கணுமாக்கும்?" என்று சிரித்தாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. சொன்னால் மத்தியானத்துக்குள் இவர் காதுக்குப் போய்விடும், அப்புறம் என் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார், அவர் அப்பா விழுந்த இடத்திலேயே ஒரு நாள் விழுவார். இவரா, பிச்சுமணி மாமாவா என்று யோசித்தேன். யோசித்துவிட்டு, "எதுக்கும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்று சொல்லி உள்ளே போய் வெந்தயக் குழம்பு வைத்தேன். வெட்கங்கெட்டவள்.

மாத்திரையை நிறுத்திய பத்தொன்பதாம் நாள் காலை பிச்சுமணி மாமா முகம் மழித்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்து ரேஸர் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்குத் திரும்பி வந்தபோது வலது கையும் வலது காலும் போயிருந்தன, பேச்சும் போயிருந்தது. "ஆ" என்கிற ஒரு சத்தம் மட்டும் வந்தது.

அன்று சாயங்காலமே காலி மாத்திரை அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து இவர் முன்னால் கொட்டினேன். "உங்க பிரஷரை இறக்கினது இதுதான். நான்தான் தினமும் சொம்பில கலந்தேன். குரூப்பில எழுதுங்கோ, இப்பவே எழுதுங்கோ" என்று அழுதேன்.

அவர் ஓர் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம் போகுமா, தகவலைச் சரிபார்க்க வேண்டாமா? ஹரிகுமாருக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில்.

"அது மேடத்துக்குள்ள மருந்தல்லே சாரே? மேடத்துக்குப் பிரஷர் உண்டல்லோ. எங்கிட்ட மேடம்தான் சொன்னது" என்றான் ஹரிகுமார்.

போனை வைத்தவரின் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அப்படிப் பிடித்தவரே இல்லை.

"உனக்குப் பிரஷர்னு எங்கிட்டே ஏன் சொல்லலை, அசடு? மாத்திரை சாப்பிடறது எனக்குத் தெரிஞ்சா சங்கடப்படுவேன்னு இப்படி ஒரு கதை கட்டறயா? நாளையிலேர்ந்து உனக்கும் ஒரு சொம்பு. இருபத்தொரு எலை."

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அதையும் பிரஷரின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டார். அப்புறம் பிச்சுமணி விஷயத்தை ஆராய்ந்து குரூப்பில் முடிவை எழுதினார்: பிச்சுமணி பயன்படுத்தியது மார்க்கெட் கறிவேப்பிலை, பூச்சிமருந்து அடித்தது, எனவே இந்தச் சம்பவத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நாற்பத்தேழு பேர் கைகூப்பினார்கள். "ஆதாரம் எங்கே?" என்று கேட்க ஆளில்லை.

மறுநாள் விடிந்ததும் இரண்டு சொம்பு இருந்தன. அவருடையதில் மாத்திரையைக் கலக்கினேன். என்னுடையதைச் செடியில் கொட்டினேன். பிறகு அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். இவர் நம்பாவிட்டால் போகட்டும், நீலாம்பாளுக்கு உண்மை தெரிய வேண்டும் என்று தீர்மானம்.

அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து மாமாவுக்குக் கஞ்சியை ஸ்பூனால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமா தலையணையில் சாய்ந்திருந்தார். கண் மட்டும் பழைய கண்ணாகவே இருந்தது. நான் ஒன்றையும் மறைக்காமல், இடிகல், சொம்பு, ஹரிகுமார் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு வாசலில் வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுப் போனதையும் சொன்னேன். அவள் திட்டுவாள், அடித்தாலும் அடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அவள் ஸ்பூனைக் கஞ்சிக்குள் வைத்துவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"அப்படிச் சொல்லாதே சாவித்ரி. தலை சுத்தறதுன்னு ரெண்டு தடவை மாத்திரையை எடுக்கப் போனார். நான்தான் கையிலேர்ந்து புடுங்கினேன். உங்காத்து மாமாவைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கோ, முதல்ல அப்படித்தான் ஏறும்னு சொல்லிப் புடுங்கினேன். நீ சொல்றது நெஜம்னா, இவரை இப்படிப் பண்ணினது யாருடி? நானில்லையா?" என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "மார்க்கெட் எலைதானே காரணம்? குரூப்பில போட்டிருக்கே. நீ ஒரு வார்த்தை சொல்லிடு."

"இப்ப மாத்திரை குடுக்கறயோல்லியோ?" என்றேன்.

"டாக்டர் குடுத்ததெல்லாம் வேளை தவறாம குடுக்கறேன். நீ சொல்லு."

கட்டிலிலிருந்து மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது. "ஆ" என்றார். மறுபடியும் கொஞ்சம் பலமாக "ஆ" என்றார்.

"மார்க்கெட் எலைதான் நீலா" என்றேன். "பூச்சிமருந்து."

நீலாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பூனை எடுத்தாள். மாமா வாயைத் திறக்கவில்லை.