பாதித் தெருவுக்குப் புது கார்டு

மாவு மில் தெருவில் கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும், தெருமுனைப் பெட்டிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டுதான் வரைந்து கொடுக்கிறது. வானம், வீடுகள், முருங்கை மரம், அதன் அடியில் படுத்திருக்கும் நாய் எல்லாம் அதன் வேலை. சத்தத்துக்கு வேறு கார்டு. அது நன்றாகவே இருக்கிறது.

வரைகிற கார்டுக்குத்தான் வயதாகிவிட்டது. ஒரு காலத்தில் ரயில்வே கேட் வரைக்கும் வரைந்து கொண்டிருந்தது. சூடு ஏற ஏறத் தன் எல்லையைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு நாள் காலையில் தண்ணீர்த் தொட்டியோடு நின்றுவிட்டது. தொட்டிக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. அன்று காலையில்தான் சுலோச்சனாவின் கணவர் கந்தவேல் பால் வாங்கப் போயிருந்தார். பால் பூத் தொட்டிக்கு அந்தப் பக்கம்.

அவர் எங்கும் தொலைந்து போய்விடவில்லை. கால் வைக்கத் தரை இல்லாததால் பூத்திலேயே நிற்கிறார். சாயங்காலமானால் சுலோச்சனா தொட்டியடிக்குப் போய் வெள்ளையைப் பார்த்துப் பேசிவிட்டு வருவாள்.

"சாப்பிட்டீங்களா?"

"பன்னும் பாலும்தான் அம்மிணி. இங்க வேற என்ன இருக்குது?"

"குளிருக்கு ஒரு துண்டாவது போர்த்திட்டுப் போயிருக்கலாமில்லீங்க?"

"போனதும் வந்தர்லாம்னுதானே வந்தேன்."

ஒரு முறை பிரஷர் மாத்திரையை அட்டையோடு வீசிப் பார்த்தாள். அது விழுந்த சத்தம் மட்டும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் அவளுக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. அவருக்குச் சளி பிடித்திருக்குமோ, பூத்காரர் முகம் சுளிக்கிறாரோ, ரொம்ப நேரம் நின்று கால் வீங்கியிருக்குமோ என்று ஏதாவது ஒன்று உருண்டுகொண்டே இருக்கும்.

எனவே புது கார்டு வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அவள் முதலில் செய்தது, கார்டு மாட்ட வரும் நஸீமாவைத் தேடிப் போனதுதான்.

கார்டு மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. பழசையும் புதுசையும் ஒரே தெருவில், ஒரே காலையில், ஆளுக்குப் பாதியாக ஓட விட்டுப் பார்ப்பார்கள். தெருவின் நடுவில் நீளமாகச் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். மத்தியானச் சங்கு ஊதும் முன் எல்லா வீட்டாரும் சரி என்று சொல்ல வேண்டும். ஒரு வீடு மாட்டேன் என்றாலும் புதுசு வந்த பெட்டியிலேயே திரும்பிப் போய்விடும்.

"முருங்கை மரத்துப் பக்கம் புதுசைப் போடு கண்ணு," என்றாள் சுலோச்சனா. "அவுரு பஸ் டிரைவர். நடந்தாலும் இடது ஓரந்தான். அன்னிக்கு அந்தப் பக்கமாத்தான் நடந்து போனாரு."

"உங்க இஷ்டம்க்கா," என்று நஸீமா அப்படியே மாட்டிவிட்டாள்.

காலையில் தெருவே கோட்டின் இரண்டு பக்கமும் நின்று ஒப்பிட்டுப் பார்த்தது. மாவு மில் பக்கம் காக்கை விட்டு விட்டுப் பறந்தது. கோட்டைத் தாண்டியதும் வழுக்கிக்கொண்டு போனது. மில் பக்கத்து மரங்களில் இலைகளெல்லாம் மொத்தமாக ஒரே ஆட்டம் ஆடின. இந்தப் பக்கம் முருங்கையில் ஒவ்வொரு இலையும் தன் இஷ்டத்துக்கு ஆடியது. பழைய பக்கத்தில் ஆட்கள் போன பிறகு நிழல் போனது. புதுசு குடிக்கிற கரண்டுக்கு யார் வீட்டிலும் மிக்ஸி சுற்றவில்லை. அன்றைக்குத் தெரு முழுக்க இட்லிக்குப் பொடிதான்.

மாவு மில் பக்கத்து ராஜாமணி அக்கா கோட்டைத் தாண்டி வந்து, முருங்கை மரத்தடி வீட்டு ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்த்தாள். பார்த்த வேகத்தில் திரும்பி ஓடினாள்.

"ஏ நஸீமா! என்ற மூஞ்சில இத்தனை மேடு பள்ளம் இருக்குதுன்னு எனக்கே தெரியாது. எனக்கு வேண்டாம் சாமி இந்தப் புதுசு!"

சுலோச்சனா அதைக் கேட்டாளே தவிர நிற்கவில்லை. தொட்டியடிக்கு ஓடினாள். வெள்ளை பாதியாகக் கிழிந்திருந்தது. ரோட்டில் பாதி, பால் பூத்தில் பாதி, அதற்கப்பால் ரயில்வே கேட்டில் பாதி, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பாதி பூத்தில் பூத்காரர் நின்றார். கந்தவேல் இல்லை.

"ஏனுங்க! எங்கீங்க இருக்கீங்க? தரை வந்துருச்சுங்க!"

"எனக்கு வரலியே அம்மிணி," என்றது மீதிப் பாதி வெள்ளை.

"முருங்கை மரத்துப் பக்கமாத்தானுங்களே போனீங்க?"

"போறப்ப அது இடது. வர்றப்ப மில்லுப் பக்கந்தானே இடது? அங்கதான் நிக்கறேன்."

சுலோச்சனா நெற்றியில் அடித்துக்கொண்டாள். கார்டுகளை இடம் மாற்றித் தரச் சொல்லி நஸீமாவிடம் கெஞ்சினாள். நடுவில் மாற்றினால் ஒப்பிட்டது செல்லாது என்றாள் நஸீமா. சங்கு ஊத அதிக நேரம் இல்லை என்றும் சொன்னாள்.

"ஒரு எட்டு இந்தப் பக்கம் வந்தர்லாமில்லீங்க?"

"ராங் சைடுல வரச் சொல்றயா? சர்வீஸ் பூராவும் என்ற மேல ஒரு கேஸ் கிடையாது."

"பஸ்ஸுங்களா ஓட்டிட்டு வர்றீங்க? நடந்துதானுங்களே வர்றீங்க!"

"காலா இருந்தா என்ன, சக்கரமா இருந்தா என்ன."

சுலோச்சனா இந்த மனுஷனோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறாள், எதிலும் ஜெயித்ததில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, நடு ரோட்டுல வாங்க. கோட்டு மேலயே வாங்க. ஆராச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்," என்றாள்.

வெள்ளைக்குள் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

"எதிர்ல வண்டி ஏதாச்சும் வருதா?"

"இல்லீங்க."

"ஹாரன் அடிச்சுக்கிட்டே வர்றேன். நாய இழுத்து ஓரமாப் படுக்கப் போடு."

பாம், பாம் என்று வாயால் அடித்த ஹாரன் கேட்டது. கந்தவேலின் வலது பாதி கோட்டின் மேல் வந்து நின்றது. புது கார்டு அவருடைய நரைத்த மீசையை ஒவ்வொரு முடியாக வரைந்திருந்தது. ஒற்றைக் காலை எட்டி எட்டி வைத்து, வளைவு வந்த இடத்தில் கையை நீட்டிக் காட்டிவிட்டு, அவர் தொட்டியைத் தாண்டினார். தாண்டியதும் பழைய கார்டு இடது பாதியை வரையத் தொடங்கியது. அந்தப் பாதி விட்டு விட்டு, ரொம்பப் பின்னால் வந்தது. அதில் மீசை இன்னும் கறுப்பு.

ஹாரன் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த ராஜாமணி அக்கா, நஸீமாவைக் கூப்பிட்டாள்.

"ஏம்புள்ள, கோட்டை அழிக்காம அப்படியே விட்டரலாமா? அந்தப் பக்கத்துக்குப் புதுசு. இந்தப் பக்கம் என்ற மூஞ்சிக்குப் பழசே போதும். பாவம், வந்த மனுசன் வந்தது வரைக்கும் இருக்கட்டும்."

"ரெண்டையும் ஓட்டலாம்க்கா. காலைல மிக்ஸி மட்டும் ஆகாது."

"அம்மியில அரைச்சுக்கறோம் போ."

அப்போது சங்கு ஊதியது. எல்லா வீட்டாரும் சரி என்றிருந்தார்கள்.

வலது பாதி வீட்டுக்குள் வந்து நாற்காலியின் வலது ஓரத்தில் உட்கார்ந்தது. சுலோச்சனா அதன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. காலும் வீங்கவில்லை. அடுப்பைப் பற்ற வைத்து டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

"பாலுங்க?"

"இடது கையில இருக்குது," என்றார் கந்தவேல்.

சுலோச்சனா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பால் ராஜாமணி அக்கா வீட்டைத் தாண்டிவிட்டிருந்தது. தீயைக் குறைத்து வைத்துவிட்டு, இரண்டு டம்ளரைக் கழுவப் போனாள்.