எதிர் நாற்காலி

பள்ளிகளுக்கு மூலக்கூறு மாதிரிகள் செய்யும் பட்டறையில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அக்காதான். எதிரே உட்கார்ந்து, அவள் கை போகும் போக்கைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் பார்த்து நானும் குச்சிகளில் பந்துகளைச் செருகுவேன்.

இதுவரை ஒவ்வொரு மாதிரியிலும் இரண்டு பந்துகளாவது ஒரே நிறமாக இருந்தன. இடவலம் மாறினாலும் தெரியவில்லை. இந்த வாரம் கரும்பந்தைச் சுற்றி நான்கும் நான்கு நிறம்.

மேற்பார்வையாளர் இருவருடையதையும் எப்படித் திருப்பிப் பார்த்தும் ஒன்றுபோல் வரவில்லை.

“நூறும் இடது கால் செருப்பா செஞ்சு வச்சிருக்கியேம்மா!”

“என்னப் பாத்துதான் சார் செஞ்சா,” என்றாள் அக்கா.

“எதிர்ல உக்காந்து பாத்தா மாறித்தான் வரும்.”

“அப்ப என் பக்கத்துல உக்காரட்டும்.”

“பக்கத்துல ஏது எடம்? நீ செஞ்சதுல ஒரு மாதிரியக் குடுத்து சுவரோரமா உக்கார வை.”

இப்போது சுவரைப் பார்த்துச் செய்கிறேன். ஒன்றுகூடத் திரும்பி வருவதில்லை, யாரும் வருவதில்லை. நேற்று, யாராவது வந்து திட்டட்டும் என்று இரண்டு பந்துகளை வேண்டுமென்றே இடம் மாற்றினேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, நானே கழற்றிச் சரியாகச் செருகினேன்.