மருந்து கொடுக்கிற கை

ஞாபகசக்தி லேகியத்துக்கு மீன் ஆகாது என்று வைத்தியர் மலையாண்டி சொல்லிவிட்டுப் போனார். அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியவரோ, காலையில் சாப்பிட்டதை மதியம் மறந்துவிடுகிற வீரபத்திரன். இதில் இருக்கிற கூத்து அந்த வீட்டில் சத்யப்பிரியா ஒருத்திக்குத்தான் உறைத்தது.

வீரபத்திரன் அவளைப் பெற்ற அய்யா. சாயல்குடிக்குப் பக்கத்தில் மிளகாய்க் காடு வைத்திருப்பவர். மதுரை டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து அல்சைமர் என்றார். போன ஞாபகத்தைத் திருப்பித் தராது, மிச்சத்தைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கலாம் என்று சொல்லித்தான் மாத்திரை எழுதினார். அந்த நேர்மை அய்யாவின் தம்பி தர்மராஜுக்குப் பிடிக்கவில்லை. மலையாண்டியோ, ஒரே மண்டலத்தில் பள்ளிக்கூடத்து வாய்ப்பாடுகூடத் திரும்ப வரும் என்றார். ஆனால் இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்த வேண்டுமாம், கலந்தால் விஷமாம். தர்மராஜ் மாத்திரை அட்டைகளை வாரித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அதற்குப் பிறகு அய்யா மளமளவென்று சரிந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, சோறு போட்ட சோலையம்மாளை நிமிர்ந்து பார்த்து, "நீ யாரு வீட்டுப் புள்ள தாயி?" என்று கேட்டார். கட்டின பெண்டாட்டி அங்கே சிரித்து வைத்தாள். அடுப்படிக்குப் போய்த்தான் அழுதாள்.

அன்றைக்கே சத்யப்பிரியா தர்மராஜிடம் போய் நின்றாள்.

"சின்னய்யா, அந்த லேகியத்துல இருக்கிறது வல்லாரையும் நீர்ப்பிரமியும். நான் எம்.எஸ்ஸி.யில படிச்சதே அதுகளத்தான். எலிக்குக் குடுத்துப் பாத்ததுல கொஞ்சம் நல்லாத் தெரியுது. மனுசருக்கு இந்த நோய் கேக்குமான்னு இன்னும் யாரும் உறுதியாச் சொல்லலை."

"எலிக்கே கேக்குதுன்னா எங்கண்ணனுக்குக் கேக்காதா? எங்கண்ணன் எலியவிட மட்டமா?"

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேக்காம மாத்திரைய நிறுத்துனது தப்புங்கிறேன்."

"பொட்டப்புள்ள இதுலயெல்லாம் தலையிடாத. போ, அங்கன வேலையப் பாரு."

அந்தத் தெருவிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள். அவளுடைய பட்டத்துக்குக் கண்ணாடி போட்டு முன்சுவரில் மாட்டியவரும் இதே சின்னய்யாதான். கண்ணாடிக்குள் இருப்பதற்கு மரியாதை. அவள் வாயைத் திறந்தால் கிடையாது.

அய்யாவின் பத்தியம் வாரந்தோறும் முறிந்தது. பக்கத்து வீட்டில் மீன் வாசம் வந்தால் நேரே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். உடனே மலையாண்டி, "பத்தியம் தப்பிருச்சு, மொதல்லருந்து ஆரம்பிக்கணும்" என்று புது டப்பா கொடுப்பார். மருந்து தோற்கவே வழியில்லாத ஏற்பாடு. அதை நினைத்துப் பொருமிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்குள் அந்தக் குறும்பு எட்டிப் பார்த்தது.

மறுநாள் தடித்த புத்தகம் ஒன்றை மடியில் விரித்தாள். கடல்பாசியைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம் அது.

"ஆத்தாடி!" என்றாள் சத்தமாக.

"என்னத்தா?" தர்மராஜ் எட்டிப் பார்த்தார்.

"மருந்து ஏன் கேக்கலைன்னு இப்பத்தான் வெளங்குது. ஞாபக மருந்துக்கு நோயாளி மட்டும் பத்தியம் இருந்தாப் பத்தாதாம். குடுக்கிற கையும் இருக்கணுமாம். அய்யாவுக்கு லேகியத்த உருட்டிக் குடுக்கிறது யாரு?"

அவர் தன் கையையே பார்த்தார். "நாந்தான்."

"அப்ப மீனு, நண்டு, கருவாடு எதுவும் கூடாது. கூடப் பொறந்த கைன்னா இன்னும் கண்டிப்பாம்."

தர்மராஜ் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் பொட்டப்பிள்ளை. புளுகினால் படிச்ச பிள்ளை.

மீன் இல்லாமல் சோற்றைத் தொடாத ஆள் தர்மராஜ். வாலிநோக்கத்திலிருந்து மொபட்டில் வரும் மீன்காரர் மதார், ஊருக்குள் முதல் ஹாரனை அவருக்காகத்தான் அடிப்பார். முதல் நாள் ரசம் சோற்றோடு கம்பீரமாக எழுந்தார். அடுத்த நாள் கத்தரிக்காயில் முள் தேடினார். அதற்கும் அடுத்த நாள் ஆட்டை ஏசினார், பம்புசெட்டை ஏசினார். சத்யப்பிரியா விடுவாளா? "நமக்கென்னம்மா பத்தியம்?" என்று நல்ல ஊளி மீனாக வாங்கி, அம்மாவைப் புளி தூக்கலாகக் குழம்பு வைக்கச் சொன்னாள்.

சற்று நேரத்தில் குழம்புச் சட்டியைக் காணோம். தேடிப் போனால், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் தர்மராஜ் சட்டியோடு குந்தியிருந்தார். பக்கத்தில் அய்யா. இருவர் கன்னங்களும் உப்பியிருந்தன.

"சின்னய்யா!"

தர்மராஜ் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தார். "அண்ணந்தான் கூப்பிட்டாரு..."

"நானா?" என்றார் அய்யா. "எனக்கு ஞாபகமில்லையே."

"ரெண்டு பேருக்கும் முறிஞ்சிருச்சு. இனி ரெண்டு பேரும் மொதல்லருந்து. வைத்தியர்ட்ட நானே சொல்லிர்றேன்."

"வேணாம் ஆத்தா!" குழம்புக் கையோடு கும்பிட்டார். "பத்தியமே இல்லாத மருந்து ஒங்க படிப்புல கெடையாதா?"

"இருக்கே. ஒங்க பீரோவுல."

தர்மராஜ் சட்டியைக் கீழே வைத்தார். பிறகு வேட்டியில் கையைத் துடைத்து, இடுப்புச் சாவியை அவிழ்த்தார். "கலந்தா விஷம்னாரே?"

"லேகியத்த இன்னையோட நிறுத்தியாச்சு. டாக்டர்ட்ட போன்ல கேட்டுட்டுத்தான் குடுப்பேன். வல்லாரைய அம்மா தொவையலா அரைக்கட்டும். நல்ல கீரைதான், அது மேல எனக்கென்ன சண்டை?"

சின்ன அளவில் திரும்பத் தொடங்கலாம் என்றார் டாக்டர். மறுநாள் மதியம் அய்யாவின் தட்டில் ஊளிக் குழம்பு, ஓரமாக வல்லாரைத் துவையல். அவர் தட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"ஏலே தர்மா, எனக்கு மீனு ஆகாதுன்னியே? பத்தியம்னியே?"

தர்மராஜ் துள்ளி எழுந்தார். "பாத்தியா ஆத்தா! ஞாபகம் வந்துருச்சு! லேகியம் கேட்டுருச்சு!"

சத்யப்பிரியா பல்லைக் கடித்தாள். நாக்கு நுனிவரை வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, மாத்திரையைப் பிதுக்கி அவரிடம் நீட்டினாள்.

"ஆமா சின்னய்யா, ராசியான கை. இதையும் அந்தக் கையாலயே குடுங்க, தெனமும்."

சின்னய்யா பெருமையோடு உள்ளங்கையை விரித்தார்.