வடம் அறுத்தவள்

மூன்று நாளாக மலையில் மழை. ரீட்வென் கிராமத்தில் ஒரு துளிகூட விழவில்லை. ஆறு மட்டும் செம்மண்ணைக் கரைத்துவிட்ட மாதிரி நிறம் மாறியிருந்தது. புருஷன் போன பிறகு படகுத்துறையைத் தனியாக நடத்திவந்த டெக்வென் பெப்புக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் வேல்ஸ், அந்தப் பக்கம் இங்கிலாந்து. பெண் கொடுத்து எடுப்பது, ஆடு விற்பது, அறுவடைக்கு ஆள் அனுப்புவது எல்லாம் இரண்டு கரைக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு வேறு. வேல்ஸில் ஓய்வுநாளில் மதுக்கடை திறக்கக் கூடாதென்று சட்டம் வந்து ஒன்பது வருஷம். எதிர்க்கரை பிரிட்லியில் சைலஸ் யாப்பின் கடைக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஜெபம் முடிந்த கையோடு ஆண்களை அக்கரை சேர்ப்பது டெக்வெனின் வேலை. சபை மூப்பர் மெய்ரிக், 'நரகத்துக்குப் படகு விடுகிறவள்' என்று பெயர் சொல்லாமல் பிரசங்கத்தில் அவளைத் திட்டுவார்.

அன்று ஆறு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் அவள் தம்பி இட்வல்.

"இன்னிக்கு வேணாம்டா. தண்ணி சரியில்ல."

"என்னக்கா, நீயே ஆத்தப் பாத்து பயந்தா எப்படி?" என்று சிரித்தான் இட்வல்.

பின்னாலிருந்து ஒருவன், "ஆத்துக்கு இல்லப்பா பயம். மூப்பருக்கு! அக்காவும் திருந்திட்டாங்க," என்றான்.

அந்த ஒரு சொல்தான் அவளைச் சுட்டது. படகில் ஏறினாள். கரையிலிருந்து கரைக்கு இழுத்துக் கட்டிய தடித்த வடத்தில் கோர்த்த படகு அது. நடு ஆற்றில் வடம் முனகியது. அதுவரை அது முனகிக் கேட்டதில்லை. ஆறு பேரையும் இறக்கிவிட்டு, வெறும் படகோடு திரும்பினாள்.

பகல் இரண்டு மணிக்குத் துறையின் மூன்றாவது படி மூழ்கியது. சற்று நேரத்தில் ஒரு செத்த ஆடு மிதந்து போனது. அதன் முதுகில் மேல்பள்ளத்தாக்குப் பண்ணை ஒன்றின் நீல முத்திரை. பிறகு ஒரு வைக்கோல்போர், அப்படியே முழுசாக. அதன் பின்னால் தாழ்ப்பாள் போட்டபடி ஒரு கதவு. கரையோர மரங்களில் ஒரு பறவை இல்லை. மேலே எங்கோ இன்னும் பெரிதாக ஒன்று கிளம்பிவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது.

அக்கரையில் ஆறு பேரும் வந்து நின்றார்கள். தண்ணீரைப் பார்த்துச் சீக்கிரமே கிளம்பியிருக்கிறார்கள்.

"அக்கா, படக விடு! மாடு கறக்கணும்!"

"முடியாதுடா! அங்கயே தங்கு!"

"நீ வராட்டிப் போ. நாங்களே இழுத்துக்கிறோம்!"

படகின் மூக்கில் கட்டிய இழுகயிற்றின் மறுமுனை அந்தக் கரையில் இருந்தது. ஆறு பேரும் பிடித்து இழுத்தார்கள். படகு அவள் கைக்கு எட்டாமல் விலகிப் போனது. அவள் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. குடிசைக்கு ஓடிக் கோடாலியை எடுத்து வந்தாள். வடம் கட்டிய கம்பத்தின்மேல் நான்கு வெட்டு. ஐந்தாவதில் வடம் பாம்பைப்போலச் சுருண்டு தண்ணீருக்குள் போனது. படகு ஒருமுறை சுழன்று, ஆற்றோடு அடித்துக்கொண்டு போனது. இழுகயிறு அவர்கள் கையை உரித்துக்கொண்டு போனது.

"பைத்தியக்காரி! உன் சோத்துல நீயே மண்ண போட்டுக்கிட்டியே!" என்று கத்தினான் இட்வல். தம்பி அவளிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

கால்மணி நேரத்துக்குள் வெள்ளம் வந்தது. வேரோடு பிடுங்கிய ஓக் மரங்களை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. ஐந்து பேர் மேட்டிலிருந்த யாப்பின் கடைக்கு ஓடினார்கள். இட்வல் மட்டும் கேட்கவில்லை. யாப்பின் மனைவி ஹேரியட் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாளாம். "மாடு மடி வெடிச்சு நிக்கும், விடும்மா," என்று உதறிவிட்டு, ஐந்து மைல் மேலே இருந்த கல்பாலம் வழியாகச் சுற்றி வீடு போக நடந்தான். அவன் பாதிப் பாலம் வந்தபோது நடு வளைவு அவனோடு சரிந்தது. மறுகரையில் நின்ற ஓர் இடையன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினோராம் நாள் பிரிட்லிக்குக் கீழே பிணமாக ஒதுங்கினான். பிரிட்லிக்காரர்களே அவனைத் தூக்கி, தங்கள் கோயில் மண்ணில் அடக்கம் செய்தார்கள். வழி அடைபட்டிருந்ததால் இந்தக் கரையிலிருந்து யாரும் போக முடியவில்லை.

அடுத்த ஞாயிறு மூப்பர் முதல்முறையாக அவள் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தார். ஓய்வுநாளின் பாவத்தை ஒரு பெண் தன் கையாலேயே வெட்டி எறிந்தாளாம். டெக்வென் பாதியில் எழுந்து வெளியே போனாள். பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

வசந்தத்தில் பிரிட்லித் தச்சர்கள் ஒரு புதுப்படகு செய்து கொண்டுவந்து விட்டார்கள். ஐந்து பேரும் வந்து கம்பம் நட்டு வடம் கட்டினார்கள். ஒருவனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வடத்தை வெட்டாமல் இருந்தால் அன்றைக்கே கடந்திருக்கலாம் என்றுதான் அவர்கள் கடைசிவரை பேசிக்கொண்டார்கள்.

முதலில் படகேறியவள் இட்வலின் மனைவி நெஸ்டா, கல்லறைக்குப் போக. நடு ஆற்றில் அவள் டெக்வென் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி," என்றாள். "நீங்க வெட்டலன்னா ஆறு பேரும் போயிருப்பாங்க. ஊர் என்ன சொன்னாலும் எனக்குத் தெரியும்."

டெக்வென் வடத்தைப் பிடித்தபடி தலை குனிந்தாள்.

"ஆனா, போன அந்த ஒருத்தன் என் ஆளு. உங்கள மன்னிக்க என்னால ஆகல. இனி என்கிட்ட பேசாதீங்க."

டெக்வென் பேசவில்லை. பதினாறு வருஷம், மாதம் ஒருமுறை, அவளை அக்கரைக்குக் கொண்டுபோனாள். பேசாமலே காத்திருந்து திரும்பக் கொண்டுவந்தாள்.