பழத்து இனிப்பு

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நிற்கும்வரைதான் முத்துவடிவுக்கு நேரம். வல்லிநாயகம் இப்போதெல்லாம் வலது காலில் பாலிதீன் பையைச் சுற்றிக் கட்டி, அந்தக் காலை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் குளிக்கிறார். அதனால் சாவகாசமாகத்தான் வெளியே வருவார். புருஷனின் கால் புண் தனக்கு நேரம் வாங்கித் தருகிறது என்று தோன்றியதுமே அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. அடுப்பில் கரைந்து நுரைத்திருந்த கருப்பட்டியை வடிகட்டியில் ஊற்றினாள். தங்கிய மண்ணையும் தும்பையும் தடம் தெரியாமல் கழுவிவிட்டாள். மீதி இருந்த கருப்பட்டியைப் பழைய பால்பவுடர் டப்பாவில் போட்டு, அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். களவு செய்கிறவர்கள்கூட இத்தனை சுத்தமாகச் செய்வார்களா என்பது சந்தேகம்தான்.

இந்த ஒரு தடவை மட்டும் என்று சொல்லிக்கொண்டாள். போன தடவையும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

பாகுப் பாத்திரத்தைத் தண்ணீரில் வைத்து ஆறவிட்டு, தோல் கறுத்துப்போன ஏத்தன் வாழைப்பழங்களை உரித்து மசித்தாள். அந்த வீட்டுக்குள் முட்டை நுழைந்ததில்லை, நுழையப்போவதும் இல்லை. அதனால் முட்டைக்குப் பதிலாகக் கெட்டித் தயிர். கூடவே தேங்காய் எண்ணெய், பாகு. பிறகு கோதுமை மாவையும் ஆப்பசோடாவையும் சலித்துக் கொட்டி, பட்டும் படாமல் புரட்டினாள். அதிகம் கிண்டினால் கொழுக்கட்டை மாதிரி இறுகிப்போகும் என்பதை முதல் தடவையே பட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். கடைசியில் பட்டைப் பொடியைத் தாராளமாகத் தூவினாள். வீடியோவில் சொன்ன அளவைவிடக் கூடுதல்தான். அது ருசிக்காக இல்லை. கருப்பட்டி வாசனையை அமுக்க அதைவிட்டால் வேறு ஆள் இல்லை.

இத்தனைக்கும் ஆரம்பத்தில் எல்லாம் நேர்மையாகத்தான் இருந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் மீனா, போன பொங்கலுக்கு வந்தபோது ஒரு சின்ன ஓவனை வாங்கி வைத்துவிட்டுப் போனாள். அப்பாவுக்கு சுகர் வந்து வருஷக்கணக்காகிறது, பாவம், சாயங்காலம் வாயில் போட ஒன்றும் கிடையாது, கோதுமையில் பழம் போட்டு ஏதாவது செய்துகொடு என்று சொல்லி, போனில் வீடியோவும் காட்டிக்கொடுத்தாள். மீனா அதை பனானா பிரெட் என்றாள். வல்லிநாயகம் ரொட்டி என்று பெயர் வைத்தார்.

முதல் ரொட்டியில் பழத்தைத் தவிர இனிப்பு எதுவும் இல்லை. வல்லிநாயகம் ஒரு துண்டு தின்றார், நல்லாருக்கு என்றார், தண்ணீர் குடித்தார். இரண்டாவது துண்டுக்குக் கை போகவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலை அவர் குறை சொன்னதும் கிடையாது, புகழ்ந்ததும் கிடையாது. சாம்பார் நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்று என்பார், அவ்வளவுதான் அவருடைய பாராட்டு. அந்த மனுஷன் மீதித் துண்டுகளை மரியாதையாகத் தட்டில் விட்டு எழுந்துபோனது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. அடுத்த தடவை ஒரு கைப்பிடிக் கருப்பட்டியைத் தட்டிப்போட்டாள். கருப்பட்டி ஒன்றும் செய்யாது என்று தெருவில் நாலு பேர் சொல்லிக் கேட்டதுதான். சீனிதான் விஷம், கருப்பட்டி மருந்து என்று அவளும் நம்பினாள்.

அன்றைக்கு அவர் நாலு துண்டு தின்றார். இதில் என்ன போட்டாய் என்று கேட்டார். பழம் நல்லாக் கனிந்திருந்தது என்று அவள் வாயில் வந்ததைச் சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பது அவளுக்கே புரியவில்லை. மருந்து என்று நம்புகிற பொருளை எதற்காக மறைக்க வேண்டும்? கருப்பட்டி என்று சொல்லியிருந்தால் அவர் வேண்டாம் என்று தள்ளியிருப்பார். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த முகம் அப்படி மலர்ந்து அவள் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது, அது வாடுவதைப் பார்க்க மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு வல்லிநாயகம் அந்த ரொட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். கூட்டுறவுச் சங்கத்தில் ரிட்டயராகிவிட்டு, குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருக்கிறார். அங்கே வருகிற போகிறவர்களிடமெல்லாம் சீனி இல்லாத ரொட்டியைப் பற்றிப் பிரசங்கம்தான். பழக்கடை இசக்கிப்பாண்டியிடம் சொல்லிவைத்து, விலை போகாமல் கறுத்த ஏத்தம்பழங்களைப் பை நிறையத் தென்காசி வீட்டுக்குத் தூக்கிவருவார். பையை அவள் கையில் கொடுக்கும்போது, நல்லாக் கனிஞ்சிருக்குட்டி என்பார். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் சந்தோஷமும் இருந்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது.

சித்திரையில் ஒரு நாள் மீனாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, யாருக்கோ கேட்பது போல, சுகர்காரர்கள் கருப்பட்டி சாப்பிடலாம்தானே என்று கேட்டாள். மீனா சிரித்துவிட்டாள்.

"யாரும்மா சொன்னா? ரத்தத்துக்குப் போனா சீனியும் ஒண்ணுதான், கருப்பட்டியும் ஒண்ணுதான். அப்பாவுக்குக் குடுத்துத் தொலைச்சிராத."

நான் எதுக்குக் குடுக்கப் போறேன் என்று சொல்லி போனை வைத்தாள். மறுநாள் பாதிக் கருப்பட்டிதான் போட்டாள். வல்லிநாயகம் மென்றுகொண்டே, இன்னைக்குப் பழம் கனியலையோ என்று கேட்டார். கோபமாக இல்லை, சின்னப் பிள்ளையின் ஏமாற்றத்தோடு. அதற்கடுத்த நாள் பழைய அளவுக்கே திரும்பினாள். முழுக்க நிறுத்திவிட்டால், இத்தனை நாள் அப்படி என்னத்தைப் போட்டாய் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

சீசன் ஆரம்பித்தது. சாரல் விழுந்ததும் லாட்ஜ் நிரம்பிவிட்டது. ஒருநாள் விடியற்காலை, கூட்டம் வருவதற்கு முன் அருவியில் குளிக்கப் போனவர் கல்லில் காலை இடித்துக்கொண்டார். கட்டைவிரலில் சின்னச் சிராய்ப்பு. மற்றவர்களுக்கு இரண்டு நாளில் பொருக்குத் தட்டியிருக்கும். அவருக்கு அது ஆழமாகி, நீர் கட்டி, விரல் கறுக்கத் தொடங்கியது. சுகர் இறங்காவிட்டால் விரலை எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் உமா மகேஸ்வரி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஊசியும் போடத் தொடங்கியாகிவிட்டது. சாப்பாட்டில் என்ன கொடுக்கிறீர்கள் என்று அவளைத்தான் டாக்டர் கேட்டார். அவள் கீரை, கொண்டைக்கடலை, கோதுமை தோசை என்று ஒப்பித்தாள். டாக்டர் வல்லிநாயகத்தின் பக்கம் திரும்பி, அப்படியானால் நீங்கள்தான் வெளியே எங்கேயோ தின்கிறீர்கள் என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் அவரை உடைத்துப்போட்டது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன் தன் நினைவையெல்லாம் துழாவி, லாட்ஜில் சீசன் பூஜை போட்ட அன்றைக்கு ஒரு வாய் கேசரி தின்றதைக் கண்டுபிடித்துச் சொன்னார். டாக்டர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். வீட்டுக்கு வந்ததும் குற்றாலநாதர் படத்துக்கு முன்னால் நின்று, இனிமேல் இனிப்பைக் கையால் தொடமாட்டேன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ராத்திரிச் சோற்றை விட்டார். சாயங்காலக் காப்பியை விட்டார். என் நாக்குதான்ட்டி எனக்கு எமன் என்று படுத்தபடி சொன்னார். அவள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்தாள். அப்போதே காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

எல்லாவற்றையும் விட்டவர் ரொட்டியை மட்டும் விடவில்லை. சோற்றுக்குப் பதிலாக ராத்திரிச் சாப்பாடே அதுதான் என்றாகிவிட்டது. நீ செய்யுத ரொட்டி இல்லன்னா நான் பட்டினிதான் கெடந்திருப்பேன் என்றார். அவர் தின்னும்போது அவள் அடுக்களைக்குப் போய்விடுவாள்.

இன்றைக்கு மறுபடியும் டாக்டரிடம் போகவேண்டும். ரொட்டி மேலே வெடித்து உப்பி வந்திருந்தது. ஈர்க்கைக் குத்தி இழுத்துப் பார்த்தாள், மாவு ஒட்டவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த வல்லிநாயகம், இன்னைக்கு மணம் ஆளைத் தூக்குதே என்றார். ஆறினதும் அவரே துண்டு போட்டார். அவள் சேலை மாற்றிவிட்டு வந்தபோது மஞ்சள் பை அவர் தோளில் தொங்கியது. ரிப்போர்ட்டும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆட்டோவில் மழைக்குப் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். போகும் வழியில் அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அது அவருக்கு வழக்கமே இல்லை. பயந்திருக்கிறார் என்று தெரிந்தது. இன்றைக்கு டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம், அவருக்குத் தெரியாமல் டாக்டருக்கு மட்டும் என்று அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். கோழைகளுக்கு இப்படிப்பட்ட வழிகள் எப்போதும் கிடைத்துவிடும்.

ஆஸ்பத்திரியில் தனியாகப் பார்க்க வாய்க்கவில்லை. இரண்டு பேரையும் சேர்த்துத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். நர்ஸ் சந்தனமாரி அவர் காலைச் சின்ன மேஜையில் தூக்கி வைத்து, கட்டைப் பிரிக்கத் தொடங்கினாள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, மாத்திரையக் கூட்டியாச்சு. ஊசியும் போடுதோம். அப்புறமும் ஏறுதுன்னா என்ன அர்த்தம்? நீங்க எங்கிட்ட மறைக்கிறதால எனக்கு ஒண்ணும் இல்ல. வெரல் உங்க வெரல்."

வல்லிநாயகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. மஞ்சள் பைக்குள் கைவிட்டு எவர்சில்வர் டப்பாவை வெளியே எடுத்தார். காலையில் சுட்ட ரொட்டிதான் அதற்குள் இருக்கிறது என்று முத்துவடிவுக்குத் தெரிந்துவிட்டது.

"சத்தியமா மறைக்கலம்மா. ராத்திரிக்கு எனக்கு இதான் சாப்பாடு. நீங்களே தின்னு பாருங்க. மைதா கெடையாது, முட்டை கெடையாது, சீனி பேருக்குக்கூட கெடையாது. பழத்து இனிப்புதான். எல்லாம் இவ கைப்பக்குவம்."

வேண்டாம் என்று சொல்லப்போன டாக்டர், அவர் நீட்டிய விதத்தைப் பார்த்து ஒரு ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டார். மென்றார். மெல்லுவது மெதுவானது. பிறகு மீதியை மூக்கருகில் கொண்டுபோனார். வல்லிநாயகம் பரீட்சைப் பேப்பரைக் கொடுத்துவிட்டு நிற்பவர் மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அம்மா ஊரு உடன்குடி" என்றார் டாக்டர், பொதுவாகச் சொல்வது போல. கருப்பட்டிக்குப் பேர்போன ஊர் அது. அப்புறம் முத்துவடிவைப் பார்த்தார். "இதுல என்னக்கா போடுதிய?"

"சொன்னேம்லா, பழம்தான். குற்றாலத்துலருந்து நானே கொண்டாந்து குடுக்கேன்" என்று வல்லிநாயகம் முந்திக்கொண்டார்.

டாக்டர் அவளை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அதட்டலாகவும் இல்லை அந்தப் பார்வை, அதுதான் தாங்க முடியவில்லை. முத்துவடிவு சேலைத் தலைப்பின் நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"கருப்பட்டி" என்றாள்.

வல்லிநாயகம் சிரித்தார். அவள் ஏதோ வேடிக்கை பேசுகிறாள் என்றுதான் நினைத்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. கையிலிருந்த மூடியை டப்பாவின் மேல் வைத்து அழுத்தினார். கோணலாக உட்கார்ந்த மூடி ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பியது. டப்பாவை அவளிடம் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். அவளைக் கேட்காமல் டாக்டரிடம்தான் பேசினார்.

"அவளுக்குத் தெரியாதும்மா. எங்க பக்கம்லாம் கருப்பட்டி ஒடம்புக்கு நல்லதுன்னுதான் சொல்லுவாவ. எனக்கு நல்லதுன்னு நெனச்சுப் போட்டுட்டா. வையாதீய."

டாக்டர் தலையை ஆட்டினார். இங்கே வருகிற பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், இன்றோடு அதை நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு எழுதக் குனிந்தார். அவ்வளவுதான். பிரச்சினை முடிந்துவிட்டது. அவர் தன் கையாலேயே அவளுக்கு ஒரு மன்னிப்பை எழுதிக் கொடுத்துவிட்டார், அவள் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மீனாவின் சிரிப்பு காதில் கேட்டது. ஒரு வாய் கேசரி தின்றதற்காகக் கன்னத்தில் போட்டுக்கொண்ட மனுஷன், முழங்கால்வரை வேட்டியை ஏற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். இந்த மன்னிப்பைவிட அவர் ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், மூடினாள்.

அதை அவர் பார்த்துவிட்டார். முகத்தில் இருந்த தெளிவு மெல்ல மாறியது.

"தெரியாமத்தான வடிவு போட்ட?"

சந்தனமாரி கட்டின் கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தாள். அதற்கு மேல் துணி பிரியவில்லை, புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் சதையும் சேர்ந்து வரும் அண்ணாச்சி, கொஞ்சம் பொறுத்துக்கோங்க என்று சொல்லி, பாட்டிலிலிருந்து மருந்துத் தண்ணீரை அதன் மேல் சொட்டுச் சொட்டாக விட்டாள். துணி நனைந்து நிறம் மாறியது. வல்லிநாயகம் காலைப் பார்க்கவே இல்லை. டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தனமாரி துணியின் ஒரு நுனியை விரலால் பிடித்தபடி, அது தானாக இளகி வரட்டும் என்று காத்திருந்தாள்.