நொண்டி ஆடு முன்னால்

கம்பெனி வாசலில் பன்னிரண்டு மணிநேரம் உட்கார்ந்திருப்பது என் உத்தியோகம். ஊர் என்னைக் காவல்காரன் என்கிறது. அண்ணன் மட்டும் 'நாற்காலி' என்பார். ஐம்பது வருடமாக ஆடுகளுக்குப் பின்னால் நடக்கிறவர், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆடுகளை விற்றுவிட்டு அவர் என்னோடு வந்துவிட வேண்டும். மனைவி போன பிறகு ஒற்றைத் தட்டைக் கழுவிக் கழுவி எனக்கு அலுத்துவிட்டது. அதைச் சொல்ல வெட்கம். அதனால், "உன் உடம்பு கெட்டுப்போச்சுண்ணே" என்று சொல்லிவந்தேன்.

அதை நிரூபிக்க, போன மாதம் ஆஸ்பத்திரியில் இருவரும் ரத்தம் கொடுத்தோம். உள்ளே எவ்வளவு அழற்சி என்று காட்டும் சோதனை. எனக்கு எட்டு. முள் தைத்த காலோடு வந்திருந்த அண்ணனுக்கு அறுபது! துள்ளிக் குதித்திருப்பேன், முட்டி வீக்கம் அனுமதிக்கவில்லை.

"பாத்தியா? வித்துடு."

"அடுத்த மாசமும் இப்படியே இருந்தா விக்கிறேன்டா."

இன்று மறு சோதனை. அண்ணனுக்கு ஒன்றுக்கும் கீழே. எனக்கு அதே எட்டு.

"பெரியவருக்குத் தீ பத்துச்சு, புண்ணு ஆறினதும் அணைஞ்சிடுச்சு," என்றார் நர்ஸம்மா. "உங்களுக்குச் சின்னத் தீதான், ஆனா அணையவே மாட்டேங்குது. உக்காந்தே இருப்பீங்களோ?"

"அதுக்குத்தாம்மா சம்பளமே," என்றார் அண்ணன்.

வெளியே வந்ததும் கேலி செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. நட்டநடுத் தெருவில் என் காதடியைத் தொட்டுச் சூடு பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"பல்லையும் பாத்து விலை சொல்லிடேன்."

"உன்னை எவன்டா வாங்குவான்? முன்னால நட."

நொண்டுகிற ஆட்டை முன்னால் விடுவது எங்கள் வழக்கம். மந்தை அதன் வேகத்துக்கு நடக்கும், எதுவும் தொலையாது. எட்டு வயதில் கல் குத்திய காலோடு ஒரு நாள் நான்தான் முன்னால் போனேன். பின்னால் புழுதியும் மணியோசையும் அண்ணனும். அவ்வளவு பெரிய ஊர்வலம் என் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை.

"விக்க மாட்டேன்டா. நீ தனியா சாப்பிடுறது தெரியும். லீவு நாள்ல எல்லாம் வந்துடு. நொண்டிக்கிட்டே முன்னால போ, போதும்."

"ஆடுங்க சிரிக்குமேண்ணே."

"சிரிக்கட்டும். அதுங்களுக்கும் பொழுது போகணும்ல."

பஸ் நிறுத்தம் வரை, மந்தையை ஓட்டுகிற மாதிரி பின்னால் நாக்கைச் சொடுக்கிக்கொண்டே வந்தார். ஒருமுறைகூட என்னை முந்தவில்லை.